ஆயர் அரிஸ்டனின் கடைசிக் கஞ்சி

பயறுக் கஞ்சிச் சட்டியை ஏந்திக்கொண்டு ஓடுவது லேசான காரியமில்லை. மூடி குதிக்கும், விரல் சுடும், பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். இருந்தாலும் அன்று காலை ஓடினேன். ஆளுநரின் குதிரைக்காரன் விடுதலை ஆணையோடு மலைப்பாதையில் இறங்குவதை மாடியிலிருந்து பார்த்துவிட்டேன். அவனுக்கு முன் நான் சிறைக்குப் போய்ச் சேர வேண்டும்.

நீங்கள் எங்கள் கிறிஸ்தவச் சபைத் தலைவர் ஆயர் அரிஸ்டனின் வரலாற்றை எழுத வந்திருக்கிறீர்கள். கடைசி வேளையில் அவர் பக்கத்தில் இருந்தவன் நான் ஒருவன்தான். உள்ளபடியே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

பேரரசரின் சிலைக்கு எல்லாரும் தூபம் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆயர் மறுத்துச் சிறைக்குப் போனார். நான் போட்டேன். ஒரு சிட்டிகைதான். சபையில் பாதிப் பேர் போட்டார்கள். வெயில் ஏறுமுன் முடித்துவிடலாமே என்று நான் முதல் ஆளாகப் போய் நின்றேன், அவ்வளவுதான்.

தூபம் போட்டவனுக்குத் திருவிருந்தில் அப்பமில்லை. வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். சபையார் யாரும் அவனோடு ஒரே பாத்திரத்தில் கைவைக்க மாட்டார்கள். என் திருத்தொண்டர் பதவியும் போயிற்று. ஆனால் தூபம் போட்டதற்கான அரசுச் சான்று கையில் இருந்ததால் காவலர்கள் என்னைத் தடுப்பதில்லை. அதனால் ஆயருக்குச் சாப்பாடு கொண்டுபோகிற வேலை எனக்கு வந்தது.

ஆயர் இளகிய மனசுக்காரர். அழுதவர்களுக்கெல்லாம் சீட்டு எழுதித் தந்தார்: ‘நான் விலங்கோடு ஆண்டவரிடம் போய்ச் சேரும் நாளில் இவரைத் திருவிருந்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.’ எனக்கும் ஒன்று. விலங்கோடு சாகிறவரின் சொல்லுக்குச் சபையில் மறுபேச்சு கிடையாது.

சிக்கல் என்னவென்றால், அவர் சாகவில்லை. இரண்டு முறை வதை மரச்சட்டத்தில் கட்டிக் கைகாலை இழுத்தார்கள். முழங்கால் போயிற்று, பசி போகவில்லை. சீட்டு வாங்கிய நாங்கள் சபை வாசலில் நின்று அவருடைய மகிமைக்காக உருக்கமாக ஜெபித்தோம். அவர் சதை போட்டார். அப்பம் கிடைக்காமலே எங்களில் இரண்டு கிழவர்கள் செத்துப்போனார்கள்.

பேரரசர் போரில் மாண்டதாகச் செய்தி வந்தது; அவரோடு அந்த உத்தரவும் போயிற்று. ஆயர் உயிரோடு வெளியே வந்துவிட்டால் எங்கள் சீட்டுகள் அடுப்பெரிக்கத்தான் ஆகும்.

சிறை வாசலில் காவலன் விபியஸ் பல்லைக் காட்டினான். “என்னய்யா, ஓட்டப்பந்தயமா? சீக்கிரம் உள்ள போ. உங்க பெரியவரு பாட்டுப் பாடியே என் காதைத் தின்னுட்டாரு. அவரை விட்டுட்டா நான் நிம்மதியாத் தூங்குவேன்.”

ஆயர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். “ஏன்டா ட்ரோபிமஸ், இப்படி வேர்த்து ஊத்துது? நான் பொழைச்சுட்டேன்னு துக்கமா?”

“இல்லை சாமி.”

“பொய் சொல்லாதடா. ஊர்ல பாதிப் பேரு கையில சீட்டை வச்சுக்கிட்டு என் சாவுக்குக் காத்துக் கெடக்கீங்க. நானும் சாகத்தான் பார்த்தேன், உன் சமையல் விடமாட்டேங்குது.”

“அப்படியெல்லாம் இல்லை சாமி.”

“கிழிச்சுப் போடுங்கடா சீட்டை. வெளிய வந்ததும் நானே எல்லாரையும் உள்ள கூப்பிட்டுக்கறேன். உன்னைத்தான் முதல்ல.” கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றி எனக்கும் அவருக்கும் நடுவில் வைத்தார். “வா, ரெண்டு பேரும் ஒண்ணாச் சாப்பிடலாம்.”

பதினொரு மாதமாக யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. ஆனாலும் வாய்ச்சொல் வேறு, சீட்டு வேறு. வாய்ச்சொல்லை நாளைக்கு மூத்த குருமார்கள் எதிர்ப்பார்கள். வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். இதையெல்லாம் நான் நிதானமாக யோசித்துத்தான் வைத்திருந்தேன். கஞ்சியில் வேலியோரத்து விஷவேரை அரைத்துக் கலந்ததும் அதே நிதானத்தோடுதான்.

“இன்று நோன்பு சாமி,” என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். சிரிப்பு மட்டும் மாறவில்லை. கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

குதிரைக்காரன் வந்தபோது விலங்கு காலிலேயே இருந்தது. உங்களுக்கு விசுவாசத்துக்காக உயிர்விட்ட ஒரு மறைசாட்சி கிடைத்தார். எங்களுக்கு அப்பம் கிடைத்தது. யாருக்கும் நஷ்டமில்லை.

கிழமையையும் எழுதிக்கொள்ளுங்கள், வரலாற்றில் பிழை கூடாது. அன்று ஞாயிறு. ஆண்டவருடைய நாளில் நம்மில் யாரும் நோன்பிருப்பதில்லை. எனக்கு அதைச் சொல்லித்தந்தவரே அவர்தான்.

இருந்தும் சட்டியை வழித்துச் சாப்பிட்டார். ருசி பிடித்திருக்கும்.