ராசாத்திக்கு வைத்த தீவனம்

சோப்பு ஜன்னல் மேல் இருக்கிறது, டாக்டர். நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், தொழுவ வாடை லேசில் போகாது. ராசாத்தி எப்படிச் செத்தது என்று நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். வேறு யார் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன், யாரும் கேட்கவில்லை.

எனக்கும் அந்தப் பசுவுக்கும் ஒரு பகையும் கிடையாது. என் மனைவிக்கு அதன்மேல் உயிர், அவ்வளவுதான். விடிந்ததும் தொழுவத்துக்குப் போனால் ஊர்க்கதை முழுவதையும் அதன் காதில் ஓதிவிட்டுத்தான் வருவாள். எனக்கு டீ வரும்போது பேச்சு மிச்சமிருக்காது. அதற்கு "என் ராசாத்தி, என் செல்லம்". எனக்கு வெறும் "ஏங்க".

நான் தீவனக் கடையில் வேலை பார்ப்பவன். காய்ந்த புல்லைக் குறைத்து மக்காச்சோள மாவைக் கூட்டினால் பால் கூடும், அதிலுள்ள கொழுப்பு இறங்கும். கொழுப்பு இறங்கினால் பால் நிலையத்தில் விலை குறையும், அவளுக்கும் சலிப்பு வந்து மாட்டை விற்றுவிடுவாள் என்று நினைத்தேன். இனி நானே தீவனம் வைக்கிறேன் என்றேன்.

"அடேங்கப்பா, இன்னிக்கு சூரியன் எந்தப் பக்கம் உதிச்சுது?" என்று சிரித்தாள். மாடும் ஆசையாகத்தான் தின்றது, நான் வற்புறுத்தவில்லை.

பால் நிலையத்தில்தான் கொழுப்பு குறைந்ததைப் பார்த்து வேறுமாதிரி நினைத்துவிட்டார்கள்.

"என்னக்கா, மாடு குடிக்கிற தண்ணியைவிட நீங்க பால்ல ஊத்துற தண்ணி ஜாஸ்தி போலிருக்கே?" என்று பரிசோதிப்பவர் எல்லோர் முன்னாலும் கேட்டார். வரிசையே சிரித்தது.

"சத்தியமா ஒரு சொட்டுகூட கலக்கலீங்க" என்றாள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். பாலைச் சோதிக்கிற இயந்திரத்தில் கொழுப்புக்குக் கீழே இன்னொரு எண் உண்டு. அதைப் பார்த்தாலே தண்ணீர் கலக்கவில்லை என்பது தெரிந்துவிடும். அடுத்தவர் வேலையில் மூக்கை நுழைப்பது என் பழக்கமில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் தோளில் சாய்ந்து அழுதாள். "நீங்களாவது என்னை நம்புறீங்களா?" என்றாள். நம்புகிறேன் என்றேன். அது பொய்யில்லை, என்னைவிட உறுதியாக அதை நம்ப ஆள் ஏது? எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என்னிடம் வாய் ஓயாமல் பேசினாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அதனால் மாவை இன்னும் கொஞ்சம் கூட்டினேன். நிலையத்தில் எங்கள் பாலை வாங்குவதையே நிறுத்தினார்கள். அக்கம்பக்கத்தில் அவளுக்கு யாரும் முகம் கொடுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் என் தோளுக்குத்தான் வந்தாள். மாவு மிஞ்சியதில் மாடு நொண்டத் தொடங்கியபோது, முள் குத்தியிருக்கும் என்று சமாதானம் சொல்லிவிட்டுப் புல்லை அறவே நிறுத்தினேன். நேற்று வயிறு உப்பிப் படுத்தது, பிறகு எழவில்லை.

இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள், டாக்டர். அவள் மனசு கஷ்டப்பட்டால் என்னால் தாங்க முடியாது.

வெளியே அழுகிற சத்தம் அவளுடையதுதான். நான் ஒருவன் இங்கே குத்துக்கல்லாட்டம் இருக்க, ராசாத்தியின் கன்றைக் கட்டிக்கொண்டு, "இனிமே எனக்கு நீதாண்டி எல்லாம்" என்கிறாள். பாவம், இப்போதுதான் புல் கடிக்கப் பழகுகிற கன்று. அதற்கும் நானே தீவனம் வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.