ஒன்பது லிட்டர் தண்ணீர்

தீயணைப்பான் வாங்க வருகிறவர்கள் முதலில் செய்கிற காரியம், அதைத் தூக்கிப் பார்ப்பது. பழக்கடையில் தர்பூசணியைத் தட்டுகிற மாதிரி இரண்டு தட்டு தட்டுவார்கள். உள்ளே என்ன இருக்கிறது, எந்தத் தீக்கு உதவும் என்று கேட்கிறவர் நூற்றில் ஒருவர். கனமாக இருந்தால் நல்லது, சிவப்பாக இருந்தால் போதும். சூலியா தெருவுக்குப் பின்சந்தில் இருபத்தாறு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். ஏணி, கையுறை, பூட்டு, டார்ச் லைட், தீயணைப்பான். இந்தப் பினாங்கில் யார் யார் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பது உங்கள் ஸ்டேஷனைவிட என் கடைக்குத்தான் அதிகம் தெரியும், இன்ஸ்பெக்டர் மோகனராஜ்.

கெலுகோர் வீட்டுத் தீயைப் பற்றிக் கேட்டீர்கள். மரியாதையாகக் கேட்டீர்கள், நானும் மரியாதையாகச் சொல்கிறேன். டீ வேண்டாம், உங்கள் கேண்டீன்காரர் சீனிக்குக் கணக்கே வைப்பதில்லை.

ஹபீப் என் தங்கை ஷரீஃபாவின் கணவன். அவனும் நானும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். அவன் வாப்பாவுக்குத் துணிக்கடை, என் வாப்பாவுக்குப் பாத்திரக்கடை. அங்கே பிள்ளைகள் மிட்டாய் வாங்கினாலும் பேரம் பேசித்தான் வாங்கும். எங்களுக்குத் தெரிந்த சட்டம் ஒன்றுதான். விற்கிறவன் எதைப் புகழ்கிறானோ, அது விலை போகாமல் கிடக்கிற சரக்கு. எதை வேண்டாம் என்கிறானோ, அதை வேறு ஆளுக்கு ஒளித்து வைத்திருக்கிறான்.

நான் பெரியவனானதும் அந்தச் சட்டத்தைக் கடையோடு விட்டுவிட்டேன். ஹபீப் வீட்டுக்கும் கொண்டுபோனான். மழை வரும் என்று நான் சொன்னால் குடையை வைத்துவிட்டுப் போவான். நனைந்து வந்து, “நீ சும்மா அடிச்சு விடுறேன்னு நெனச்சேன்லா, நூரு” என்று சிரிப்பான். கெட்டவன் இல்லை. வாய்தான்.

என் மகள் ஷாஹிராவைப் பெண் பார்க்க அக்கரையில் இருக்கிற தாசேக் கெலுகோரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நல்ல மனிதர்கள். மாப்பிள்ளைப் பையன் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். அவன் வாப்பா, ஹபீப் பக்கம் திரும்பி, “உங்க மச்சான் பொண்ணைத் தங்கம்னு சொல்றாரு” என்றார்.

“நூரு தங்கம்னு சொன்னானா? அப்போ ஒரு தடவை ஒரசிப் பார்த்துக்குங்க பாய்” என்றான் ஹபீப்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஷாஹிரா தட்டோடு கதவருகே நின்றுகொண்டிருந்தாள், அவள் மட்டும் சிரிக்கவில்லை. மூன்றாம் நாள், யோசித்துச் சொல்கிறோம் என்று தகவல் வந்தது. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள், நான்கு வருஷம் ஆகிறது. ஷாஹிரா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனாள். ரம்ஜானுக்கு மெசேஜ் அனுப்புவாள்.

அந்தத் தகவல் வந்த மறுநாளே ஷரீஃபா வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “அவரு வாயி அப்படித்தான். நீங்க மனசுல வச்சுக்காதீங்கண்ணே.”

வைத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு நான் செய்தது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. மனுஷன் ஒரு பழக்கத்தில் இருந்தால் அந்தப் பழக்கத்துக்குக் கொஞ்சம் தீனி போட வேண்டும், அவ்வளவுதான். ஹபீப் ஒரு ஏணி வாங்க வந்தான். கடையிலேயே உயர்ந்த ஏணியைக் காட்டி, “இது வேணாம் மச்சான், கால் வழுக்கும்” என்றேன். அதையே தூக்கிக்கொண்டு போனான். அடுத்த வருஷம் கேஸ் அடுப்புக்கு ரெகுலேட்டர். இருந்ததிலேயே நல்லதைக் காட்டி, “லீக் ஆகும்னு ரெண்டு பேரு திருப்பிக் கொடுத்துட்டாங்க” என்றேன். அதையும் வாங்கினான். ஒரு கல்யாண விருந்தில் பிரியாணித் தட்டோடு நின்று ஊருக்கே அறிவித்தான்: “நூரு வேணாம்னு சொன்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க. என் வீட்டுல எல்லாமே அவன் வேணாம்னு சொன்ன சாமான்தான்.” நானும் கை கழுவிக்கொண்டே சிரித்தேன்.

இந்த வருஷம் மார்ச் மாதம், பக்கத்து வீட்டில் ஏதோ தீப்பிடித்தது என்று பயந்து, ஹபீப் போன் செய்தான். “ஒரு ஃபயர் சிலிண்டர் வேணும் மச்சான், பின்னேரம் வர்றேன்.”

வீட்டுக்கும் காருக்கும் எல்லோரும் வாங்குவது சின்னத் தூள் சிலிண்டர். விலையும் குறைவு. அதைப் பார்த்திருந்தால் அவன் அதையே எடுத்துக்கொண்டு போயிருப்பான். அன்று மத்தியானம் அதை எல்லாம் மாடிக்கு ஏற்றிவிட்டேன். மேஜைமேல் இரண்டை மட்டும் வைத்தேன். ஒன்று, எண்ணெய்த் தீக்கென்றே செய்தது, சமையலறைக்கு உரியது. இன்னொன்று, ஒன்பது லிட்டர் தண்ணீர். கிடங்கில் பேப்பர், மரம், துணி எரிந்தால் அடிக்கிறது.

அவனிடம் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. “மச்சான், சமையலுக்கு இதுதான் சரி. அந்தத் தண்ணி சிலிண்டரைத் தொடாதே. கொதிக்கிற எண்ணெய்ல தண்ணி பட்டா அடியில போயி ஆவியாகி, நெருப்போட எண்ணெயைக் கூரைக்குத் தூக்கி எறியும். நிக்கிறவங்க மிஞ்ச மாட்டாங்க.”

ஹபீப் இரண்டையும் தூக்கிப் பார்த்தான். தண்ணீர் சிலிண்டரைத் தட்டினான்.

“நெருப்பைத் தண்ணி அணைக்காதாம். இவன் சொல்றான். யாருக்குடா ஒளிச்சு வச்சிருக்கே?”

“கெஞ்சிக் கேக்குறேன் மச்சான்.”

“கெஞ்சுறியா? அப்போ நிச்சயமா இதுதான்.”

பில்லில், சமையலறைக்கு ஏற்றதல்ல என்று மலாயில் எழுதி, கீழே கையெழுத்து கேட்டேன். சிரித்துக்கொண்டே போட்டான். அந்த நகல் உங்கள் ஃபைலில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் நீங்கள் என் கையைக் குலுக்கி, ஆறுதல் சொன்னீர்கள்.

இனி நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன். ஹபீப் அடுப்படிக்குள் கால் வைக்கிறவன் இல்லை. வீட்டு வாசலில் மேஜை போட்டு, யுனிவர்சிட்டிப் பிள்ளைகளுக்குக் கறிபாப்பும் வடையும் விற்பான். உள்ளே இரண்டு பெரிய சட்டி வைத்துப் பொரிப்பது ஷரீஃபா. சட்டியில் தீப்பிடிப்பது அவளுக்குப் புதிதல்ல. மாதத்தில் ஒரு தடவை குப்பென்று பிடிக்கும். அடுப்பை அணைப்பாள், பெரிய மூடியை எடுத்து மூடுவாள், முடிந்தது. பதினெட்டு வருஷமாக அப்படித்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போய், சிலிண்டரை மாட்டச் சுவரில் கொக்கி அடித்துக் கொடுத்தேன். ஷரீஃபா குள்ளம், அதனால் தாழ்வாக அடித்தேன். மாவு மூட்டை தூக்குகிறவள்தான், கனம் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. மூடிகள் அடுப்புக்குப் பக்கத்தில் இடத்தை அடைத்துக்கொண்டு இருந்தன. எடுத்து வெளியே அலமாரியில் அடுக்கினேன். “இப்பதான் அடுப்படி அடுப்படி மாதிரி இருக்குண்ணே” என்று சந்தோஷப்பட்டாள். சூடாக ஆறு கறிபாப் வைத்தாள். உருளைக்கிழங்கில் கொஞ்சம் காரம் தூக்கல், ஆனால் நன்றாக இருந்தது.

பிறகு காத்திருந்தேன். வியாபாரிக்குக் காத்திருப்பது கஷ்டமில்லை. இரண்டு மாதம் ஆகவில்லை, மே ஏழாம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு நடந்தது. பொம்பா தீயணைப்பு வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கூரைத் தகடு வளைந்திருந்ததை நீங்களே பார்த்தீர்கள். ஷரீஃபாவை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், சொன்னதைக் கேட்டுக்கொண்டேன்.

ஹபீபை ஏன் விட்டுவைத்தேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். அவன் செத்திருந்தால், நான் சொன்னது உண்மை என்று ஊரில் யார் சொல்வது?

அடக்கத்துக்கு இருநூறு பேர் வந்திருந்தார்கள். தாசேக் கெலுகோர்க்காரரும் வந்திருந்தார். அத்தனை பேர் முன்னாலும் ஹபீப் என் தோளைப் பிடித்துக்கொண்டு கதறினான். “நூரு சொன்னான். கெஞ்சிச் சொன்னான். நான்தான் நம்பல. நூரு சொன்னது சத்தியம்.” தாசேக் கெலுகோர்க்காரர் தலையை அசைத்துக்கொண்டார். இப்போது ஹபீப் தினமும் கடைக்கு வருகிறான். சாப்பிடட்டுமா, தூங்கட்டுமா என்று என்னைக் கேட்டுத்தான் செய்கிறான். நான் மழை என்றால் குடையை விரிக்கிறான், வெயிலிலும்.

என் மேல் உங்களுக்குச் சந்தேகம் இல்லை என்பது தெரியும். டெலிபோன் பட்டியலில் ஒரு வரி இடிக்கிறது, அதற்காகத்தான் கூப்பிட்டீர்கள். சிலிண்டர் வாங்கிய அன்று மாலை, ஷரீஃபாவின் போனிலிருந்து எனக்கு நான்கு நிமிஷம். குசலம் விசாரித்தாள் என்றால் நீங்கள் எழுதிக்கொண்டு என்னை அனுப்பிவிடுவீர்கள். ஆனால் ஒரு மாதமாக எல்லோரும் என்னை உண்மை பேசுகிறவன் என்கிறார்கள். அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டும் இல்லையா.

“அண்ணே, அவரு வாங்கிட்டு வந்ததுல ஒரு சட்டி படம் போட்டு, குறுக்கே கோடு போட்டிருக்கு. இது எண்ணெய்க்கு ஆகுமாண்ணே?” என்று கேட்டாள். அந்த வீட்டில் லேபிளைப் படித்த ஒரே ஆள் அவள்தான்.

“சட்டியைப் பக்கத்துல வச்சு உரசாதேன்னு அர்த்தம்மா. எண்ணெய்க்கு இதுதான் நல்லது. இனிமே மூடி தேடிக்கிட்டு நிக்காதே. பின்னை இழுத்துட்டு, கிட்டப் போயி, சட்டிக்கு நேரா அடி.”

“கிட்டயா?”

“எவ்வளவு கிட்டப் போறியோ அவ்வளவு நல்லது.”

“சரிண்ணே. நீங்க சொன்னா சரிதான்” என்றாள். பிறகு ஷாஹிராவைப் பற்றி விசாரித்தாள், ஒரு வரன் இருப்பதாகச் சொன்னாள். மீதி மூன்று நிமிஷமும் அதுதான்.

எங்கள் தெருவில் பிறந்த பெண், ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை, இன்ஸ்பெக்டர். “நெசமாவா அண்ணே?” என்று ஒரே ஒரு தடவை திருப்பிக் கேட்டிருந்தால் போதும், நான் உண்மையைச் சொல்லியிருப்பேன்.