முற்றத்தில் புதைத்த பதினோரு கொழு

...டீச்சர்களே, இந்த இடத்தில் ஒரு கதை சொல்லிவிட்டுத்தான் என் பேச்சில் மேலே போவேன். பெரிய கதை இல்லை. ஒரு அக்காவும் அவருடைய கிணறும், அவ்வளவுதான்.

செவந்தி அக்காவுக்கு உசிலம்பட்டிப் பக்கம், மெயின் ரோட்டு மேலேயே வீடு. பின்னால் சொந்தக் கிணறு. மூன்று வருஷமாக அந்தத் தண்ணீரில் பெட்ரோல் வாடை. மாடுகூட மூக்கை வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். ஆனாலும் அக்கா தினம் காலையில் ஒரு வாளி இறைப்பார். முகர்ந்து பார்ப்பார். கீழே ஊற்றிவிடுவார். குடிக்க முடியாத தண்ணீரை எதற்கு இறைக்க வேண்டும்? சொல்லுங்கள்... இன்றைக்காவது மாறியிருக்காதா என்ற ஏக்கம்தான்.

மதுரையிலிருந்து தில்ஷாத் என்று ஓர் இன்ஜினியர் அம்மா வந்தார்.

"ரொம்ப வருஷம் முந்தி, இந்த வீடு வர்றதுக்கும் முன்னாடி, இங்க பெட்ரோல் பங்க் இருந்திருக்கு. இடிச்சவங்க அடியில கிடந்த டேங்கை எடுக்காமப் போயிட்டாங்க. அது இப்பத் துருப்பிடிச்சு ஒழுகுது. எங்க கிடக்குன்னு தெரியணும். குத்துமதிப்பாத் தோண்டினா டேங்க் கிழிஞ்சு, மிச்சமும் உங்க கிணத்துக்குத்தான் வரும்."

முற்றம் முழுக்கக் கயிறு கட்டினார். ஒவ்வொரு கயிற்றின் மேலும் ஒரு கருவியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். மண்ணுக்குள் இரும்பு இருந்தால் அது கூவும். டேங்க் என்றால் லாரி நீளத்துக்கு விடாமல் கூவ வேண்டும். இது என்ன செய்தது? இங்கே ஒரு கூவல்... அங்கே ஒரு கூவல்... முற்றம் முழுக்கக் கூவல்!

ஊரே வேடிக்கை பார்க்கிறது. தில்ஷாத் சத்தமாகக் கேட்டார்: "இங்க ஏதாச்சும் இரும்பைப் புதைச்சிருக்கீங்களா?"

அக்காவின் வீட்டுக்காரர் ஒச்சப்பன் முந்திக்கொண்டார். "புதையல் இருந்தா நான் ஏங்க இந்தக் கைலியோட நிக்கிறேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா... சிரிக்கவில்லை.

சாயங்காலம் தில்ஷாத் கயிற்றைச் சுருட்டினார். "இடம் பிடிபடல" என்று எழுதிக்கொண்டார். கூட்டம் கலைந்தது. போகும் முன் கிணற்றடியில் வந்து உட்கார்ந்தார். அக்கா மட்டும்தான் அங்கே.

"அக்கா... முந்தி இந்தத் தண்ணி எப்படி இருக்கும்?"

மூன்று வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி!

"பல்லு கூசும் தாயி. சித்திரை வெயில்லயும் பல்லு கூசும். கல்யாணமாகி வந்த அன்னைக்கு இந்தத் தண்ணியத்தான் முதல்ல குடிச்சேன். சாகுறதுக்குள்ள இன்னொரு வாய்..."

அக்கா வாளிக் கயிற்றைச் சுருட்டினார். தில்ஷாத் அவசரப்படுத்தவில்லை. கயிற்றைக் கீழே வைத்துவிட்டு அக்காவே மெல்லச் சொன்னார்.

"நாந்தான் தாயி புதைச்சேன். கலப்பைக் கொழு, பதினோரு இடத்துல. தண்ணி கெட்டது செய்வினைன்னு மந்திரிக்கிறவர் சொன்னாரு. அதை முறிக்க இரும்பைப் புதைக்கச் சொன்னாரு. செஞ்சது என் கொழுந்தன் பொண்டாட்டின்னு நினைச்சேன். அதை எப்படி எங்க வீட்டுக்காரர் முன்னாடி சொல்ல? அவரு தம்பி பொண்டாட்டியாச்சே."

மறுநாள் பதினோரு கொழுவும் வெளியே வந்தன. ஒச்சப்பன் கத்தினார். "ஏண்டி, நேத்துக் கேட்டாங்களே... அப்ப வாயில என்ன கொழுக்கட்டையா?"

தில்ஷாத் மறுபடி கருவியோடு நடந்தார். இந்த முறை வைக்கோல் படப்புப் பக்கத்தில், ஒரே இடத்தில், லாரி நீளத்துக்கு விடாமல் கூவியது. டேங்கை எடுத்துவிட்டார்கள். தண்ணீர் தெளிய இன்னும் சில வருஷம் ஆகுமாம்.

கருவி குறை சொல்ல முடியாத கருவிதான். கேட்ட கேள்வியும் சரியான கேள்விதான். ஆனால் கேட்டது எங்கே? ஊர் நடுவில்... வீட்டுக்காரர் பக்கத்தில்.

பெரியவர்களே, டீச்சர்களே... நீங்களும் கேட்கிறீர்கள். வகுப்பு நடுவில் நின்று, "யாருக்காவது ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்கிறீர்கள். நாற்பது பேரும் ஒரே குரலில், "இல்ல டீச்சர்" என்கிறோம். நீங்களும் நம்பிவிட்டுப் போகிறீர்கள்.

எங்களில் ஒருத்தி பொய் சொல்லியிருப்பாள். திட்டாதீர்கள். மணி அடித்த பிறகு, கூட்டம் போன பிறகு, அவள் பக்கத்தில் வந்து கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள். பையில் புத்தகத்தை எடுத்து வைப்பதுபோல் அவள் மெதுவாக... ரொம்ப மெதுவாக... நேரம் கடத்திக்கொண்டிருப்பாள்.