அரவை மெஷினுக்குக் காட்டிய சூடம்

கடையில் நீங்கள் ஊற்றிக்கொள்ளும் சில்லி சாஸ் தண்ணியாக ஓடாமல் கெட்டியாக நிற்கிறதே, இன்ஸ்பெக்டர், அதற்கு எங்கள் ஈப்போ ஆலைதான் காரணம். கொத்தவரை விதையை மாவாக அரைத்து சாஸ் கம்பெனிகளுக்கு அனுப்புகிறோம். நான் விஸ்வலிங்கம், அங்கே பாதுகாப்பு அதிகாரி.

அந்த மாவு சாதுவானது. காற்றில் புகையாகப் பறக்கும்போது நெருப்பு பட்டால் மட்டும் கூரையே போய்விடும். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். கேட்கிற ஆட்களா எங்கள் ஆலைத் தொழிலாளிகள்? அவர்களுடைய தாத்தாக்கள் தோட்டக் கூலிகளாக வந்து ரப்பர் மரத்துக்கே சூடம் காட்டியவர்கள். என் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே உத்தியோகத்துக்கு வந்தவர்.

ஆயுத பூஜையன்று அரவை மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் உண்டு. முன்னால் சூடம் எரியும். அது அணைவதற்குள் மெஷினைக் கொஞ்சம் ஓட்டிவிட வேண்டும், அப்போதுதான் சாமி ஏற்றுக்கொண்டதாம். முதலாளி சீனர், அவரும் ஊதுபத்தி ஏற்றுகிறவர், தடுக்க மாட்டார். அதனால் ஒவ்வொரு வருஷமும் முதல் நாளே தனியாக வந்து உத்தரத்திலிருந்து தரைவரை மாவை உறிஞ்சி எடுப்பேன். மாவு வெளியே பறக்காதபடி மெஷினில் தூசி பிடிக்கும் பைகளை இறுக்கிக் கட்டுவேன். இது யாருக்கும் தெரியாது.

போன வருஷம் பூஜை முடிந்ததும் அரவைப் பிரிவுத் தலைவன் மாயாண்டி சுண்டலை நீட்டினான்.

“பாத்தீங்களா சார், ஒண்ணும் ஆவல. சாமி இருக்கு லா. நீங்கதான் சும்மா பயப்படுறீங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சுண்டலில் உப்பு போதவில்லை.

இந்த வருஷம் நான் சுத்தம் செய்யவில்லை. பைகளின் கட்டை அவிழ்த்து வைத்துவிட்டு, பூஜை நேரத்தில் வெளியே காரில் உட்கார்ந்திருந்தேன். சூடம் ஏற்றியது மாயாண்டி. சுவிட்சைப் போட்டது அவன் மருமகன் கனகராஜ். இரண்டு பேருமே பிழைக்கவில்லை. நெருப்பு வைத்தது நான் இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

விபத்து என்று எழுதிவிட்டீர்கள். எனக்கும் ஆட்சேபணை இருக்கவில்லை. நேற்று மரியாதைக்காக ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாயாண்டியின் மனைவி மங்களம், எங்களிடம் மூட்டை தைப்பவள், கண்ணை மூடிய கட்டுடன் படுத்திருந்தாள். என் குரல் கேட்டதும் தடவித் தடவிக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நல்லவேளை, நீங்க உள்ள இல்ல சார். சாமிதான் உங்கள காப்பாத்திருக்கு.”

அந்தப் பேச்சை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. அதனால்தான் வந்தேன். பையை அவிழ்த்தது நான். வெளியே உட்கார்ந்ததும் நானாக எடுத்த முடிவு. இதில் சாமிக்கு எந்தப் பங்கும் இல்லை என்று தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.