ஒரே ஒரு கறுப்புக் கோலி

பளிங்குத் தரையைப் பராமரிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை, சார். செங்கல்பட்டில் எங்கள் சகோதர சங்கத்தின் கூடம் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. தரை முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டிருக்கும். இருபது வருடம் செயலாளராக இருந்து அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவன் நான்.

சங்கத்தில் சாதி கிடையாது, மதம் கிடையாது. உறுப்பினரானால் சகோதரர், அவ்வளவுதான். ஆனால் வெளியாள் கூடத்துக்குள் கால் வைக்க வேண்டுமென்றால் ஓட்டு உண்டு. மூடிய பெட்டிக்குள் கைவிட்டு ஆளுக்கொரு கோலி போடுவோம். வெள்ளை போட்டால் சம்மதம். ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் அனுமதி இல்லை. யார் போட்டது என்று யாரும் கேட்கக் கூடாது.

புயலன்று சாயங்காலம் ஏரி நிரம்பி வழிந்தது. எங்கள் உறுப்பினர் ஏசுபாதம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தொப்பலாக நனைந்து வந்தார். கூடவே அவர் தம்பி மகள் ஜாக்குலின், இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒன்றுமாக. பின்னால் அவர்கள் தெருவே நின்றது.

"செவுரெல்லாம் ஊறிப்போய் கீது, அப்பாசாமி. இன்னிக்கி ஒரு ராத்திரி இங்க இருந்துட்டுப் போவட்டும்" என்றார் ஏசுபாதம் என்னிடம்.

"கொழந்திங்கள மட்டுமாச்சும் உள்ள உடுங்க சார்" என்றாள் ஜாக்குலின்.

விதி விதிதான் என்றேன். ஏசுபாதமும் விதியை மதிக்கிறவர், ஓட்டுக்கு ஒத்துக்கொண்டார். ஏழு பேர் இருந்தோம். பெட்டியைத் திறந்தால் ஆறு வெள்ளை, ஒரு கறுப்பு. அவர்கள் மழையோடு திரும்பிப் போனார்கள்.

விடிவதற்குள் சுவர் விழுந்து இரண்டு குழந்தைகளும் போய்விட்டன. சின்னவன் நிதினுக்கு மூன்று வயது. அடக்கத்துக்குப் போயிருந்தேன். ஏசுபாதம் என் தோளில் சாய்ந்து, "எவன் போட்டான்னு தெரிஞ்சா சொல்லுடா" என்று கதறினார். எனக்கும் அழுகை வந்தது.

எல்லோரும் தலைவர் ஹரிஹரனைத்தான் சந்தேகப்பட்டார்கள். பாவம், அவர் வெளியே தலைகாட்டுவதையே விட்டுவிட்டார். ஓட்டு ரகசியம் என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொருவராக வராமல் நின்று, சங்கமும் அதோடு கலைந்தது.

கறுப்புக் கோலியைப் போட்டது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். சாதி பார்த்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஏசுபாதத்தோடு ஒரே மேசையில் இருபது வருடம் சாப்பிட்டவன் நான். தட்டும் டம்ளரும் மட்டும் என் வீட்டிலிருந்து எடுத்துப்போவேன்.