பின்கோட்டில் கவிழ்த்த வாளி

நான் பார்த்ததையும் கேட்டதையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக இதில் பதிவு செய்கிறேன். என் பெயர் மெரின் டால்ஹர்ஸ்ட். வயது பதின்மூன்று. குவீன்ஸ்லாந்து மாநிலம் யாராபிண்டி ஊரில், ரயில்வே தெரு நான்காம் எண் வீட்டில் தாயாருடன் வசித்து, எட்டாம் வகுப்பு படித்து வருகிறேன். கான்ஸ்டபிள் ஷெரிடன் அனுமதித்தபடி, தாயார் அருகில் இருக்க, 17.8.1986 ஞாயிற்றுக்கிழமை காலை காவல் நிலையத்தில் இதை என் கையாலேயே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் டென்னிஸ் கிளப்பில் சனிக்கிழமை ஆட்டங்களுக்கு இரண்டு வருடமாக நான் நடுவர். ஒவ்வொரு புள்ளியையும், ஆடுபவர்கள் பேசுவதில் முக்கியமானதையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பது என் வழக்கம். அந்த நோட்டை இத்துடன் ஒப்படைத்திருக்கிறேன்.

காயமடைந்த டெஸ் மக்கின்டயருக்கு வயது அறுபத்தாறு. ஆட்டு ரோமம் கத்தரிக்கும் தொழில் செய்து ஓய்வு பெற்றவர். அவரை அடித்ததாகச் சந்தேகிக்கப்படும் கிளாரி ஸ்டாபர்டுக்கு வயது அறுபத்துநாலு. முன்னாள் ஸ்டேஷன் மாஸ்டர், சிட்னி பக்கத்துக்காரர். டெஸ், டென்னிஸ் வீரர் லேவர் கட்சி. கிளாரி, லேவரோடு மோதிய ரோஸ்வால் கட்சி. டெஸ் சாப்பிடுவதும் எழுதுவதும் வலது கையால்தான், ஆனால் லேவர் இடது கைக்காரர் என்பதற்காக டென்னிஸ் மட்டும் இடது கையால் ஆடக் கற்றுக்கொண்டார். கிளாரி வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வருவார். தோற்றாலும் மட்டையைத் தரையில் எறிந்து நான் பார்த்ததில்லை. இருவருக்கும் இருபது வருடமாக இதே வாக்குவாதம். ஒரே ஆண்டில் நான்கு பெரிய பட்டங்களையும், அதுவும் இரண்டு முறை, ஜெயித்தவருக்கு மேல் யார் இருக்கிறார் என்று டெஸ் கேட்பார். பத்தொன்பது வயதிலும் விம்பிள்டன் இறுதிக்கு வந்து, முப்பத்தொன்பது வயதிலும் வந்தவரைக் காட்டு என்பார் கிளாரி. போன மாதம் அவர்கள் பேசியது நோட்டில் இருக்கிறது.

"விம்பிள்டன்ல நாலு தடவை வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனவன் கையில வீட்டுச் சாவியைக் கொடுக்க முடியாது, கிளாரி."

"டல்லாஸ் ஃபைனல்ல ரெண்டு வருஷமும் உன் ஆளு பூட்டை உடைச்சது யாருடா? என் பாட்டனா?"

என் கட்சி, வீராங்கனை ஈவான் கூலகாங். நடுவர் என்பதால் அதை வெளியே சொல்வதில்லை.

இந்த வழக்கைத் தீர்க்க அவர்களே ஒரு முறை வைத்திருந்தார்கள். சனிக்கிழமை ஜெயித்தவருடைய வீரரின் பெயர் அடுத்த சனி வரை கிளப் கரும்பலகையில் இருக்கும். தோற்றவர் டீ போட வேண்டும். இதைத் தவிர கிளப்புக்கென்று ஒரு விதி உண்டு. எங்கள் ஆடுகளம் கறையான் புற்று மண்ணை இடித்துப் போட்டது. கால் பட்ட குழிகளை அன்றே சாக்கு இழுத்துச் சமப்படுத்தாவிட்டால் காலையில் அப்படியே இறுகிவிடும். ஆகவே கடைசியாக ஆடியவர்கள் சாக்கு இழுக்காமல் வெளியே போகக்கூடாது.

நேற்று மாலை நாலரை மணிக்கு ஆட்டம் தொடங்கியது. ஐந்தே முக்காலுக்கு நான் விளக்குகளைப் போட்டேன். அதன் பிறகு பக்கம் மாறும்போது கிளாரி, "இன்னைக்கு உன்னைப் புதைச்சிட்டுத்தான் டீ குடிப்பேன்" என்று சொன்னார். டெஸ்ஸின் மகள் லொரெய்ன் அதைக் கிளப் சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார். அது உண்மை. ஆனால் இந்த வருடம் மட்டும் கிளாரி பத்தொன்பது சனிக்கிழமை அதைச் சொல்லியிருப்பது நோட்டில் இருக்கிறது. டெஸ் எப்போதும் சொல்லும் பதிலையே நேற்றும் சொன்னார்: "குழியை நீளமா வெட்டு. நான் உயரம்."

அதன் பிறகு ஐந்துக்கு நாலு என்ற கணக்கில், இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் டெஸ்ஸுக்கு வெற்றி என்ற நிலையில், கிளாரி பந்தை அவர் தலைக்கு மேல் தூக்கி அடித்தார். டெஸ் திரும்பிப் பின்னால் ஓடினார். ஆடுகளத்தின் கடைசிக் கோடான பின்கோட்டுக்கு வெளியே இரும்பு உருளை நின்றது. காலையில் அதை வைத்துக் களத்தைச் சமப்படுத்திய நால்வரும் அதைத் திரும்பக் கொட்டகையில் விடாதது தவறு. அந்த நால்வரில் நானும் ஒருத்தி. "டெஸ், விட்டுடு, பின்னால உருளை" என்று கிளாரி கத்தினார். டெஸ் விடவில்லை. வலைக்கு முதுகைக் காட்டியபடியே இடது கையைத் தோளுக்கு மேல் வீசி அடித்தார். அப்படி ஒரு அடியை நான் பார்த்ததில்லை. பந்து விளக்குக்கு மேல் போய், கிளாரியின் பின்கோட்டில் இறங்கியது. அதே நேரத்தில் டெஸ்ஸின் நெற்றி உருளையின் கைப்பிடியில் மோதியது. அப்போது கிளாரி வலைக்கு அந்தப் பக்கம், இருபது தப்படிக்கும் மேல் தள்ளி நின்றார்.

அதன் பிறகு கிளாரி ஓடி வந்து, இஸ்திரி போட்ட அந்தச் சட்டையைக் கழற்றிக் காயத்தில் அழுத்திப் பிடித்தார். நான் போய் ஆம்புலன்ஸுக்கு போன் செய்து வந்தேன். டெஸ் ஒரு முறை கண்ணைத் திறந்து, "பந்து உள்ளயா?" என்று கேட்டார். "பேசாம படுடா" என்றார் கிளாரி. அதற்குப் பிறகு டெஸ் பேசவில்லை. இதை எழுதும் வரை பேசவில்லை என்று அம்மா சொல்கிறார்.

ஆம்புலன்ஸில் உடன் போக ஒருவருக்குத்தான் இடம் என்றார்கள். லொரெய்ன் ஏறினார். தன் அப்பாவை ஏற்றும்போதே கிளாரி சாக்கை எடுத்து நடந்த இடத்தை அழிக்க ஆரம்பித்தார் என்று லொரெய்ன் சொன்னதும் உண்மைதான். ஆனால் ரத்தம் முழுவதும் கோட்டுக்கு வெளியே, உருளையடியில் இருந்தது. கிளாரி சாக்கோடு கோட்டுக்கு வெளியே போகவில்லை. தனியாக இழுத்ததால் சாக்குத் தடம் கோணலாக விழுந்தது. மறுமுனையை நான் பிடிக்கிறேன் என்றேன்.

"ஆடினவன்தான் இழுக்கணும், நடுவரம்மா. அவன் பங்கையும் சேர்த்து இழுக்கறேன்."

அதன் பிறகு தன் பக்கத்துப் பின்கோட்டில் பந்து விழுந்த ஒரு தடத்தருகே நின்றார். வாத்து முட்டை அளவு இருக்கும். பாதி சுண்ணாம்புக் கோட்டில் இருந்தது. மண்டியிட்டுப் பார்த்துவிட்டு, நான் என்ன தீர்ப்புச் சொன்னேன் என்று கேட்டார். உள்ளே என்று சொன்னேன், யார் காதிலும் விழவில்லை என்றேன்.

"சரியாச் சொன்னே. இதை அவன் வந்து பார்க்கட்டும். நான் சொன்னா நம்பமாட்டான்."

தகர வாளியை அதன் மேல் கவிழ்த்து, செங்கல் ஒன்றை வைத்து, அதைச் சுற்றி மட்டும் சாக்கு இழுக்காமல் விட்டார். வாளி இப்போதும் அங்கே இருக்க வேண்டும். கான்ஸ்டபிள் தூக்கிப் பார்க்கலாம். பார்த்த பிறகு திரும்பக் கவிழ்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேலே எழுதியவை அனைத்தும் நானே கண்டதும் கேட்டதும் ஆகும். உரக்கப் படித்துப் பார்த்தேன். மாற்ற வேண்டியது எதுவும் இல்லை.

(கையெழுத்து) மெரின் டால்ஹர்ஸ்ட்
உடனிருந்த தாயார்: (கையெழுத்து) ஜோன் டால்ஹர்ஸ்ட்

சாக்கு இழுத்த பிறகு கிளாரி என்ன செய்தார் என்று கான்ஸ்டபிள் கேட்டதால் இதையும் சேர்க்கிறேன். அவர் கிளப் அறைக்குள் போய், மூன்று வாரமாகப் பலகையில் இருந்த ரோஸ்வால் பெயரை அழித்துவிட்டு, லேவர் என்று பெரிய எழுத்தில் எழுதினார். பிறகு தோற்றவர் என்ற முறையில் இரண்டு கோப்பை டீ போட்டு, ஒன்றை டெஸ் உட்காரும் இடத்தில் வைத்துத் தட்டால் மூடினார். ஆறு இருபத்தைந்துக்கு விளக்குகள் அணைக்கப்பட்டன.