கயிற்றின் மறுமுனை

— கயித்த இப்பிடிக் குடு லோகேசு. இனிமே எங்கண்ணன நான் கூட்டிக்கினு போறேன்.

— வந்துட்டியா சங்கரி? நல்லா விடிஞ்சி, காபி குடிச்சி, தல வாரிக்கினு வந்து நிக்கிறே. நானும் மாணிக்கண்ணாவும் இருட்டுல பாதி தூரம் ஓடி முடிச்சிட்டோம்.

— பாதியில ஆள் மாத்திக்கலாம்னு ரூல்லயே இருக்குது. திருப்பருத்திக்குன்றத்துல நிக்கிறேன்னு சொன்னேன், நின்னேன். அண்ணா, நல்லா புடிச்சிக்கினியா? கெளம்பலாம். ரோடு சமம்.

— புடிச்சேன் புடிச்சேன். இந்தப் பையன்கிட்டேர்ந்து என்னக் காப்பாத்தினியே, அதுவே போதும்.

— இன்னாண்ணா இது? ஸ்டேடியத்துலேர்ந்து இங்க வரிக்கும் ஒரு தபாவாவது உங்களக் கீழ உட்டனா?

— உடல. ஆனா ஆட்டச் சந்தைக்கு இழுத்துக்கினு போற மாதிரி இழுத்த. கேட்டுக்கோடா லோகேசு. கண்ணு தெரியாதவன்கூட ஓடுறவன் இழுக்கக் கூடாது. கயிறு தொங்கிக்கினே இருக்கணும். ஓடுறது நான். நீ பாத்துப் பாத்துச் சொல்லணும், அவ்ளோதான் உன் வேல.

— பயத்துல இழுத்துட்டேண்ணா. பின்னாடி திமுதிமுன்னு ஒரு ஊரே வந்துது. நம்ம கண்ணாயிரம் அண்ணன் இருக்காரே, கொடிய அசைச்சதும் ஒரே பாய்ச்சல். இந்நேரம் மெடல கழுத்துல மாட்டிக்கினு இட்லி துன்னுக்கினு இருப்பாரு.

— துன்னட்டும். நமக்கும் வெப்பாங்க. இந்த வருசம் என் பேருக்கு நேரா நேரம் போட்டு எழுதணும், எனக்கு அது போதும்.

— போட்டுடுவாங்கண்ணா. போன வருசம் பண்ண கூத்து இந்த வருசம் பண்ண மாட்டேன்.

— இன்னா கூத்து? எனக்கு யாரும் சொல்லவே இல்லியே.

— உனக்குத் தெரியாதா லோகேசு? கடைசிக் கோட்டுல கண்ணு தெரியாதவங்கதான் முன்னாடி தாண்டணும். கூட வர்றவங்க ஒரு அடியாவது பின்னாடி இருக்கணும். நான் சந்தோசத்துல துள்ளிக்கினு அண்ணனுக்கு முன்னாடி போயிட்டேன். இருவத்தோரு கிலோமீட்டரும் போச்சி. இந்த ஓட்டம் கணக்குல வராதுன்னுட்டாங்க.

— அதுக்கு அழுதது யாரு தெரியுமா லோகேசு? நான் இல்ல. இவதான். செவ்லிமேடு வரிக்கும் ஆட்டோவுல அழுதுக்கினே வந்தா. டிரைவரு என்னத் திட்டறான், பொம்பளப் புள்ளய இன்னாய்யா பண்ணேன்னு.

— போதும்ணா. மேடு வருது. கால் தூக்கி வெய்யி. ம். சமம். இப்ப நேரா போ.

— ரெண்டு பக்கமும் இன்னா இருக்குது? சொல்லிக்கினே வா. நீ சொன்னாத்தான் எனக்கு ஓடுற மாதிரி இருக்குது, இல்லன்னா நின்ன எடத்துலயே குதிக்கிற மாதிரி இருக்குது.

— ரோட்டுல மஞ்சப் பனியன் போட்ட ரெண்டு பேரு போறாங்க. எதிர்ல தூரத்துல ஒரு தென்ன மரம். ரெண்டு பக்கமும் வயலு. பச்சையா இருக்குது.

— வயலா? எங்க சங்கரி? அங்க ப்ளாட்டு போட்டுக் கல்லு நட்டு நாலு மாசம் ஆவுது.

— சரி, ப்ளாட்டு. ஓடிக்கினே எல்லாத்தையும் எண்ணிக்கினா இருக்க முடியும்? நீ கம்முனு வா லோகேசு.

— அவன ஏன்மா திட்டற? ஆறு வந்துடுச்சா? வேகவதியில தண்ணி இருக்குதா?

— நாத்தம் வரலியாண்ணா உங்களுக்கு? இருக்குது, இருக்குது.

— தூ. இவனப் போய்ப் பாத்துச் சொல்றதுக்கு வெச்சிட்டுப் போறேங்கிறியே சங்கரி.

— நல்லாத்தான் சொல்றான். போவப் போவப் பழகிடும்.

— பழகறதுக்கு இன்னா அவசரம்? நீ இருக்கச்சொல்ல எனக்கு எதுக்கு இன்னொரு ஆளு?

— அண்ணா, அதான் சொன்னனே. வர மாசம் ஓசூரு போறேன். கம்பெனி ஆஸ்டல்லயே தங்கிக்கணும்.

— ஓசூரு, ஓசூரு. இங்க கடையில நிக்கிற வேலைக்கு இன்னா கொற வந்துது? ரெங்கசாமி கொளத்தாண்ட அவ்ளோ பெரிய பட்டுக் கட. ஏசி போட்டு நிக்க வெக்கிறாங்க. பொடவ விரிச்சிக் காட்டறது உனக்குக் கஷ்டமா?

— சங்கரி அந்தக் கடைய உட்டு நின்னு ஒரு மாசம் ஆவுதுண்ணா. அந்தப் பொடவ மேட்டருக்கு அப்பால...

— லோகேசு.

— இன்னா பொடவ? இன்னாடா மேட்டரு?

— கல்யாண ஜவுளி எடுக்க வந்தவங்களுக்கு ஒரு பொடவ விரிச்சிக் காட்டிச்சி. கரையில இம்மாம் பெரிய எண்ணெக் கற. சங்கரி அதப் பாக்கவே இல்ல. மொதலாளி எல்லாரு முன்னாடியும் கேட்டுட்டாரு. அவ்ளோதாண்ணா.

— அதுக்கா வேலைய உட்ட? அதுக்கா ஊர உட்டுப் போற? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.

— ரோஷம் வந்துது, நின்னுட்டேன். அண்ணா, மூச்சப் பாத்துக்கோ. பேசிக்கினே ஓடுனா வயித்தப் புடிச்சிக்கும்.

— புடிக்கட்டும். கண்ணு போனப்புறம் ரெண்டு வருசம் செவுத்தப் பாத்துக்கினு குந்தியிருந்தேன் நானு. செவுத்தயாவது பாத்தனா, அதுவும் இல்ல. வேஸ்ட்டாப் போன பட்டு நூலப் பொறுக்கி முறுக்கிக் கயிறு திரிச்சி, ஒரு முனைய எங்கைல குடுத்து, எழுந்திருண்ணான்னது யாரு? நீதானே? நீ போயிட்டா எனக்கு இதுதாம்மா கடைசி ஓட்டம். கேட்டுக்கோ. இவன் நல்ல பையன்தான். ஆனா நீ இல்லாம நான் எறங்க மாட்டேன்.

— அப்பிடிச் சொல்லாதண்ணா. அதுக்கா நான் இம்மாம் நாளு...

— இம்மாம் நாளு இன்னா?

— ஒண்ணுமில்ல. ரோடு சுத்தமா இருக்குது. கொஞ்சம் வேகமாப் போலாம்.

— சுத்தமாவா? கால்ல நொறுக் நொறுக்குங்குது.

— தண்ணி குடிச்சிட்டுப் போட்ட கப்புண்ணா, ஓரமா கெடக்குது. சங்கரி, தண்ணி குடுக்கற பொண்ணு உன் தோளாண்ட நீட்டிக்கினே ஓடியாருது. நீ பாட்டுக்குப் போறியே.

— எனக்குத் தாகம் இல்ல லோகேசு. அண்ணனுக்கு வாங்கிக் குடு.

— குடுங்க. ம். இது எந்த எடம்? தறி சத்தம் கேக்குதே. பிள்ளையார்பாளையம் வந்துட்டமா?

— வந்துட்டோம்ணா. ஞாயித்துக்கெழம காத்தால யாரோ ஓட்டிக்கினு இருக்காங்க. மாணிக்கண்ணா, ஒண்ணு கேக்கட்டா? தப்பா நெனச்சிக்காதீங்க. தறியில குந்தியிருக்கச்சொல்லதானே கண்ணு போவுதுன்னு உங்களுக்கு மொத மொதல்ல தெரிஞ்சிது? எப்பிடித் தெரிஞ்சிது?

— லோகேசு, உனக்கு இப்ப இன்னா கத வேண்டிக் கெடக்குது?

— கேக்கட்டும் உடும்மா. மொதல்ல ராத்திரிடா. இருட்டுனா தடுமாறும். எல்லாருக்கும் அப்பிடித்தான்னு நெனச்சிக்கினு இருந்தேன். விடிஞ்சா சரியாப் போயிடும். அப்பால ஓரம் போச்சி. பொடவையோட உடலு பளிச்சுனு தெரியும், ரெண்டு பக்கக் கர தெரியாது. கரையில இழ அறுந்து கெடக்குது, நான் பாட்டுக்கு நெய்றேன். மொதலாளி விரிச்சிப் பாத்துட்டு, மாணிக்கவேலு, குடிச்சிட்டுக் குந்தினியான்னாரு.

— டாக்டரு இன்னா சொன்னாரு?

— அவரு நேரா என்னப் பாருன்னாரு. பாத்தேன். கைய என் காதுகிட்ட நீட்டி எத்தினி வெரலுன்னு கேட்டிருக்காரு. நீங்க கையவே நீட்டலியே சார்னேன். அந்த மனுசன் சிரிக்கல. அம்மா தாய்மாமனயே கட்டிக்கினதால வந்ததா இருக்கலாம், தங்கச்சியையும் பாத்துடுங்கன்னாரு. இவ போய்ப் பாத்துட்டு எனக்கு ஒண்ணும் இல்லண்ணான்னு வந்தா. அன்னைக்கே ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போய் வெளக்குப் போட்டேன். என்னோட போச்சேன்னு.

— நேரா வாண்ணா. ரோடு சமம்.

— சங்கரி. ஏன் கொரலு ஒரு மாதிரி இருக்குது?

— மூச்சு வாங்குதுண்ணா.

— உனக்கா? என்ன உட நீதான் நல்லா ஓடுறவ. இது இன்னா எடம் இப்ப?

— கைலாசநாதர் கோயில் தாண்டிட்டோம்ணா. இன்னும் கொஞ்ச தூரம்தான்.

— நீ சொல்லாத லோகேசு. அவ சொல்லட்டும். சங்கரி, வெளிச்சம் நல்லா வந்துடுச்சா?

— வந்துடுச்சி.

— அதான் நீ பாதியில வந்தியா?

— தூங்கிட்டேண்ணா.

— நீ தூங்கல. காத்தால நான் பல்லு தேய்க்கச்சொல்லவே நீ பொரண்டுக்கினு இருந்த. கண்ணுதான் போச்சி, காது இருக்குது. கொஞ்சம் நடப்போம். கால் வலிக்குது.

— நேரம் போவுதுண்ணா.

— நடம்மா. ரோட்ட நேராப் பாத்துக்கினு நட. எத்தினி வெரலு காட்டறேன் சொல்லு.

— வெளையாடாதண்ணா. நீ கையவே நீட்டலியே.

— லோகேசு. என் கை எங்கடா இருக்குது?

— அண்ணா...

— எங்க இருக்குதுன்னு கேட்டேன்.

— சங்கரி கன்னத்துக்குப் பக்கத்துலண்ணா. மூணு வெரலு.

— அண்ணா. நிக்காதண்ணா. எல்லாரும் தாண்டிப் போறாங்க.

— போவட்டும். எப்பலேர்ந்து?

— தையிலேர்ந்து கொஞ்சம் ஜாஸ்தி. ராத்திரி போயி ஒரு வருசம் ஆவப்போவுது.

— அன்னைக்கு டாக்டரு ஒண்ணும் இல்லன்னாரே?

— இப்போதைக்கு ஒண்ணும் இல்ல, பின்னால வரலாம்னாரு. நான் பாதியச் சொன்னேன்.

— அம்மாவுக்குத் தெரியுமா?

— தெரியாது. உன் ஒருத்தன நெனச்சே பாதியா எளச்சிப் போச்சி. ரெண்டாவதையும் எப்பிடிண்ணா அதுங்கிட்டப் போய்ச் சொல்றது?

— ஓசூரு?

— ஓசூரு இல்லண்ணா. நம்ம சின்னம்மா வீட்டாண்ட போய்க் கொஞ்ச நாள் இருக்கலாம்னு. போன மாசம் உன்ன ஒரு தடுப்புல இடிச்சேன், ஞாபகம் இருக்குதா? நாயி குறுக்க வந்துடுச்சின்னு சொன்னேன். நாயி இல்ல. நாளைக்கு லாரி வந்தாலும் எனக்குத் தெரியாது. நான் புடிச்சிக்கினு இருந்தா உன்னக் கொன்னுடுவேன். சொன்னா நீ ஓட்டத்தயே உட்டுடுவ. அதான் இவனக் கத்துக்கச் சொன்னேன்.

— லோகேசு, உனக்கு இவ எப்பிடிடா கத்துக் குடுத்தா? கண்ணக் கட்டிக்கினா?

— கட்டலண்ணா. பொழுது சாஞ்சப்புறம் சர்வதீர்த்தக் கொளத்தச் சுத்தி ஓடுவோம். கயித்த எங்கைல குடுத்து, எங்கண்ணன்னு நெனச்சிக்கினு சொல்லுங்கும். இருட்டுல அதுக்குக் கண்ணு தெரியலன்னு மொத நாளே தெரிஞ்சிடுச்சி. சத்தியம் வாங்கிக்கிச்சி, அதான் சொல்லல. இன்னைக்கு நீங்களே கண்டுபுடிக்கணும்னுதான் தறியப் பத்திக் கேட்டேன்.

— வெளக்குப் போட்டனேம்மா. என்னோட போச்சேன்னு வெளக்குப் போட்டனே.

— அழுவாதண்ணா. ரோட்டுல எல்லாரும் பாக்கறாங்க.

— பாக்கட்டும். நமக்கா தெரியப்போவுது.

— இதுக்கும் சிரிக்கிற பாரு.

— நீதான் மொதல்ல சிரிச்ச. வா. ஓடலாம்.

— கயித்த லோகேசுகிட்ட குடுத்துடவா?

— குடுக்காத. அப்பிடியே புடிச்சிக்கோ. லோகேசு, நீ இவளுக்கு அந்தப் பக்கம் வா. உன் கைக்குட்டைய முறுக்கி ஒரு முனைய இவ கைல குடு. இழுக்காத. பாத்துச் சொல்லு. ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்லு.

— சரிண்ணா. சமம். நேரா. எதிர்ல வளவு, சோத்தாங்கைப் பக்கம். திரும்பு. ம். ரோட்டோரம் கோலம் போட்டுக்கினு இருந்தவங்க எழுந்து கை தட்டறாங்க. ஸ்டேடியம் கேட்டு தெரியுது. கண்ணாயிரம் அண்ணன் இட்லித் தட்டோட நிக்கிறாரு, சொன்னேன் பாத்தீங்களா. அண்ணா, மைக்குல உங்க பேரச் சொல்றாங்க.

— கேக்குது.

— நேரம் இருக்குதுண்ணா, முடிச்சிடுவோம். சங்கரி, கோடு வந்துடுச்சி. அங்க நிக்கிற சாரு கையக் காட்டறாரு, கூட ஓடுறவங்க பின்னாடி வரணுமாம்.

— தெரியும் லோகேசு. இந்த வருசம் தப்பு பண்ண மாட்டேன். போண்ணா, நீ முன்னாடி போ. நான் கயித்தத் தளத்திக்கிறேன்.

— தளத்தாத. கேட்டுக்கோடா லோகேசு, கூட ஓடுறவன் பின்னாடிதான் வரணும். நீ ஒரு எட்டு பின்னாடி வா. சங்கரி, நீ என் பக்கத்துல வாம்மா.